திருவெம்பாவை போன தூரம்



மார்கழி பிறந்ததும் பிறக்காததுமாக அந்த வீடியோ மறுபடியும் வந்துவிட்டது. “தாய்லாந்து மன்னர் தமிழில்தான் முடிசூடுகிறார், பெருமைப்படு தமிழா, பத்து பேருக்கு அனுப்பு” என்று. இந்த வாரம் மட்டும் ஆறு பேர் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அதில் ஒரே ஒருவர்தான் “சார், இது உண்மையா?” என்று கீழே ஒரு வரி கேட்டிருந்தார். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் இருந்த பையன். இன்று கேள்வி கேட்கிறான் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். அவனுக்காகவே இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

வீடியோவில் இருப்பது பாதி விஷயம். மன்னர் தமிழ் பேசுவதில்லை. முடிசூட்டு விழாவில் அரண்மனைப் பிராமணர்கள் கைலாயத்தின் கதவைத் திறப்பதாகச் சொல்லும் மந்திரம் ஒன்று ஓதப்படுகிறது. அவர்கள் பரம்பரையாக வைத்திருக்கும் அந்தப் பாட்டுகளில்தான் தமிழ் இருக்கிறது. ஆனால் முடிசூட்டு விழா ஒரு மன்னரின் வாழ்நாளில் ஒருமுறைதான் வரும். அதே பிராமணர்கள் ஆண்டு தவறாமல் நடத்தும் திருவிழா ஒன்று இருக்கிறது. வீடியோக்காரர்கள் அதை விட்டுவிட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

அந்த விழாவின் பெயர் ‘திரியம்பாவாய் – திரிபாவாய்’. தாய்லாந்துக்காரர்கள் அப்படித்தான் உச்சரிக்கிறார்கள். வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை. நம்முடைய ‘திரு’ அங்கே ‘திரி’ ஆகிவிட்டது. மற்றபடி பெயர் அப்படியே இருக்கிறது.

அவர்களுடைய சந்திர நாட்காட்டியில் இரண்டாம் மாதம், அதாவது நம் மார்கழி, தை ஒட்டி இந்த விழா வரும். அயுத்தியா தலைநகராக இருந்த காலத்தில் அதற்கு முந்தைய மாதத்திலேயே நடந்தது என்பார்கள். வளர்பிறை ஏழாம் நாளில் சிவபெருமான் பூமிக்கு இறங்கி வருகிறார், பத்து நாள் தங்குகிறார், பௌர்ணமிக்கு மறுநாள் திரும்பிப் போகிறார். அவர் போகும் நாளில் திருமால் வருகிறார், ஐந்து நாள் இருக்கிறார். இது அவர்கள் நம்பிக்கை.

இப்போது நம் ஊர்க் கோயிலை நினைத்துப் பாருங்கள். சிவன் கோயில்களில் திருவெம்பாவை உற்சவம் எத்தனை நாள்? திருவாதிரையோடு முடிகிற பத்து நாள். திருவாதிரை எப்போது? மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி. திருவெம்பாவையில் பாட்டு இருபது, பாடியவர் மாணிக்கவாசகர், பிறந்த ஊர் மதுரைக்குப் பக்கத்துத் திருவாதவூர். திருப்பாவையில் பாட்டு முப்பது, பாடிய ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர் நமக்குப் பக்கத்து ஊர் மாதிரி. பெயரும் ஒத்துப்போகிறது, பருவமும் ஒத்துப்போகிறது, நாள் கணக்கும் ஒத்துப்போகிறது. இத்தனையும் தற்செயலாக அமையாது.

இதைத் தமிழுலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் நமக்கு நெருக்கமானவர். தனிநாயகம் அடிகள். ஈழத்தில் பிறந்தவர் என்றாலும் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தவர், தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கியவர். 1952 முதல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்ற ஆங்கில இதழை நடத்தினார். 1966-ல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டுக்கு முன்னின்று உழைத்தவர். தென்கிழக்கு ஆசியாவெங்கும் சுற்றித் தமிழின் தடம் தேடியவர். தெ.பொ.மீனாட்சிசுந்தரனாரும் இந்த இரண்டு பாவைப் பாட்டுகளின் கடல் கடந்த பயணம் பற்றி எழுதினார். லண்டனில் தமிழ் கற்பித்த ஜே.ஆர்.மார் என்ற ஆங்கிலேயர் பாங்காக் பிராமணர்களின் கிரந்த எழுத்துச் சுவடிகளையே எடுத்து ஆராய்ந்தார். கிரந்தம் என்பது நம் தென்னாட்டில் வடமொழி எழுதப் பயன்பட்ட எழுத்து. காசியிலிருந்து போனவர்களாக இருந்தால் அவர்கள் கையில் கிரந்தம் இருக்க வாய்ப்பில்லை.

சரி, அவ்வளவு தூரம் இது எப்படிப் போனது? வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். (வகுப்பில் சொன்ன அதே வார்த்தைதான். இப்போது கைபேசியிலேயே இருக்கிறது.)

நம் மணியாச்சியிலிருந்து தென்கிழக்கே கொற்கை. அங்கிருந்து வங்கக் கடலைக் குறுக்கே கடந்தால், தாய்லாந்தின் தென்கோடி கழுத்து மாதிரி நீண்டு கிடக்கும். அந்தக் கழுத்தின் மேற்குக் கரையில் குளோங் தோம் என்ற ஊர். அங்கே பொன் உரைத்துப் பார்க்கும் சிறு கல் ஒன்று கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று வெட்டியிருக்கிறது. கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. பெரும்பதன் என்ற தட்டான் தன் உரைகல்லில் தன் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறான். பக்கத்துப் பட்டறைக்காரன் எடுத்துப் போய்விடக் கூடாதே என்று நினைத்தானோ என்னவோ!

அதே கரையில் இன்னும் வடக்கே தகுவாபா. அங்கே 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஒரு குளம் வெட்டியதையும், அதற்கு ‘அவனிநாரணம்’ என்று பெயர் வைத்ததையும், மணிக்கிராமத்தாரும் சேனாமுகத்தாரும் அதற்குக் காவல் என்பதையும் அது சொல்கிறது. அவனிநாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். மணிக்கிராமம் வணிகர் கூட்டம். கடல் தாண்டிப் பிழைக்கப் போன நம் ஆட்கள் கல்லில் வெட்டி வைத்தது ஒரு குளத்தின் கணக்கை. தண்ணீருக்கு ஏங்கும் கரிசல்காட்டு ஆட்களாகிய நமக்கு அதன் அருமை நன்றாகவே புரியும்.

இந்தக் கழுத்தை நடந்து கடந்தால் கிழக்குக் கரை. அங்கே நக்கோன் சி தம்மராத் என்ற பழைய நகரம். சிவனுக்கும் திருமாலுக்கும் அங்கே சிறு கோயில்கள் உண்டு, பிராமணக் குடும்பங்கள் பல தலைமுறை வாழ்ந்த இடம். அயுத்தியா அரசின் சடங்குகளுக்கு ஆள் வேண்டியபோது இங்கிருந்து போனார்கள். 1767-ல் பர்மியப் படை அயுத்தியாவைத் தீக்கிரையாக்கியது. சடங்கு தெரிந்தவர்கள் சிதறிப்போனார்கள், ஏடுகள் அழிந்தன. 1782-ல் முதலாம் ராமா பாங்காக்கில் புதுத் தலைநகரம் அமைத்தபோது, நக்கோன் சி தம்மராத்திலிருந்து பிராமணர்களை மறுபடி வரவழைத்தார். 1784-ல் அவர்களுக்கு ‘தேவஸ்தான்’ என்ற கோயிலையும், அதன் எதிரே ஒரு பெரிய ஊஞ்சலையும் கட்டினார். ஆம், பெயரே தேவஸ்தான். நம் தேவஸ்தானம்தான்.

ஊஞ்சல் என்றால் நம் வீட்டு முற்றத்து ஊஞ்சல் இல்லை. இரண்டு பெரிய சிவப்புத் தூண்கள், மேலே வேலைப்பாடு செய்த குறுக்குக்கட்டை, உயரம் சுமார் 21 மீட்டர். ஏழு மாடி உயரம் வைத்துக்கொள்ளுங்கள். வளர்பிறை ஏழாம் நாள் காலையிலும் ஒன்பதாம் நாள் மாலையிலும் நால்வர் நால்வராக மூன்று அணி இளைஞர்கள் அதில் ஏறி ஆடுவார்கள். எதிரே ஒரு மூங்கில் கம்பில் காசுப்பை கட்டியிருக்கும். ஊஞ்சல் உச்சிக்குப் போகும்போது அதைப் பல்லால் கவ்வ வேண்டும். முதல் அணிக்கு 12 பாட், அடுத்ததற்கு 10, கடைசிக்கு 8. விழுந்து உயிர்விட்டவர்களும் உண்டு.

கீழே சிவபெருமானின் இடத்தில் ஓர் உயர் அதிகாரி உட்கார்ந்து பார்ப்பார். வலது காலைத் தூக்கி இடது முழங்காலில் வைத்துக்கொள்ள வேண்டும். விழா முடியும்வரை அந்தக் கால் தரையைத் தொடக் கூடாது. ஆரம்ப காலத்தில் ஆண்டுதோறும் இதற்கு உட்கார்ந்தவர் யார் தெரியுமா? வயல்களைக் கவனிக்கும் அமைச்சர். வேளாண்மைத் துறை!

இதற்கு அவர்கள் சொல்லும் கதை இது. படைத்த உலகம் உறுதியாக இருக்கிறதா என்று சோதிக்கச் சிவபெருமான் ஒற்றைக் காலில் நின்றார். இரண்டு கரையிலும் இருந்த இலந்தை மரங்களுக்கு இடையே நாகங்கள் தங்களைக் கட்டிக்கொண்டு ஆட்டிப் பார்த்தன. அவர் கால் அசையவில்லை, உலகம் உறுதி என்று தெரிந்தது. தூண்கள்தான் இலந்தை மரம், ஆடுகிறவர்கள்தான் நாகம். நம் ஓடைக்கரை இலந்தை, மாணவிகள் பாவாடையில் கட்டிக்கொண்டு வந்து வகுப்பில் கொட்டை துப்புவீர்களே, அதே இலந்தை. அங்கே உலகத்தையே தாங்கி நிற்கிறது.

இதையெல்லாம் ஐந்தாம் ராமா மன்னர் சூலாலங்கோர்ன் 1888-ல் ‘பன்னிரண்டு மாத அரச சடங்குகள்’ என்ற நூலில் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். சிவன் கொண்டாட்டப் பிரியர், அதனால் நிலா வெளிச்சத்தில் ஊஞ்சலும் கூட்டமும்; திருமால் அமைதி விரும்பி, அதனால் தேய்பிறையில் சத்தமில்லாமல் பூசை என்கிறார். அந்த மன்னரே எழுதியிருக்கும் இன்னொரு விவரத்தையும் கவனியுங்கள். பிராமணர்கள் ஓதும்போது ‘லோரிபாவாய்’ என்று சொல்லிச் சங்கு ஊதுவார்களாம். அங்கே யாருக்கும் அதன் பொருள் தெரியாது. திருவெம்பாவை தெரிந்த உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பாட்டும் ‘எம்பாவாய்’ என்று விளித்து முடிகிறதே, அந்த முடிவுதான் இத்தனை நூற்றாண்டு வாயில் உருண்டு உருண்டு அப்படி ஆகியிருக்கிறது.

1932-ல் அங்கே முடியாட்சியின் முழு அதிகாரம் போனது. அடுத்த சில ஆண்டுகளில் பெரிய ஊஞ்சல் ஆடுவதும் நின்றது. தூண்கள் மட்டும் நிற்கின்றன. 1920-லேயே பழைய இடத்திலிருந்து நகர்த்தி இப்போதுள்ள வீதியில் நட்டார்கள். மரம் உளுத்துப்போனதால் வடக்கே பிரே மாவட்டத்திலிருந்து ஆறு தேக்கு மரங்களைக் கொண்டுவந்து 2007-ல் புதிதாக நிறுத்தினார்கள். ஆடாத ஊஞ்சலுக்கு ஆறு தேக்கு! ஆனால் கோயிலுக்குள் சின்ன ஊஞ்சல் ஒன்று இன்னும் ஆடுகிறது. விழாவின் முடிவில் தெய்வத் திருமேனிகளை அன்னப் பறவை ஊஞ்சலில் வைத்து, பாடி, மெல்ல ஆட்டி, மேலுலகுக்கு வழியனுப்புகிறார்கள். நம் கோயில்களின் ஊஞ்சல் உற்சவம் நினைவுக்கு வரவில்லையா?

போன ஆண்டு இதை நேரில் பார்க்கும் வாய்ப்பு அமைந்தது. மகனுக்கு அங்கே வேலை. நானும் உங்கள் டீச்சரும் நம் ஸ்டேஷனில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினோம். 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டபோது துரை காத்திருந்ததும் தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்குத்தான். கொழும்புக் கப்பலில் இறங்கியவர்களை ஏற்றி வந்த ரயில் அது. நம் மணியாச்சிக்குக் கடல் பயணம் புதிதில்லை. சென்னையில் விமானம் ஏறினால் மூன்றரை மணி நேரம். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததோடு சரி. பெரும்பதன் போன தூரத்தை நாங்கள் ஒரு தூக்கத்தில் கடந்துவிட்டோம்.

மாலையில் தேவஸ்தானுக்குள் ஓர் ஓரமாக உட்கார இடம் கிடைத்தது. சிவன், பிள்ளையார், திருமால் மூவருக்கும் தனித்தனிச் சன்னிதி. வெள்ளை உடை, குடுமி, கையில் சங்கு. முன்னால் நெல்பொரி, தேங்காய், வாழைப்பழம், கரும்பு, கிழங்கு. நம் வீட்டுக் கார்த்திகையும் பொங்கலும் ஒன்றாக வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஓதத் தொடங்கினார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. ராகமும் வேறு, உச்சரிப்பும் வேறு. நெடுநேரம் கழித்து ஓர் இடத்தில் ‘பாவாய்’ மாதிரி ஒன்று கேட்டது. உடனே சங்கு ஊதினார்கள். உங்கள் டீச்சர் என் கையைப் பிடித்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது.

பக்கத்தில் இருந்த தாய்லாந்து அம்மா ஒருவர் கடைசியில் எங்களுக்குக் கொஞ்சம் பொரி கொடுத்தார். இது எங்கள் ஊர்ப் பாட்டு என்று அவரிடம் சொல்ல எனக்குத் தாய் மொழி தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று யோசித்தேன். ‘எங்கள் ஊர்ப் பாட்டு’ என்று சொல்லும் உரிமை எனக்கு எவ்வளவு இருக்கிறது?

காரணம் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. மார்கழி முப்பது நாளும் விடியற்காலை பஜனையில் முன்னால் நிற்பார். திருவெம்பாவை இருபதும் மனப்பாடம். பல சொற்களை அவர் பாட்டுக்கு மாற்றித்தான் பாடுவார். புலவர் பட்டம் வாங்கிய புதிதில் நான் ஒருநாள் திருத்தினேன். “எனக்கு எங்காத்தா சொல்லிக் கொடுத்தது இப்படித்தாம்யா. நீ வேணும்னா ஒன் பிள்ளைகளுக்கு ஒன் மாதிரி சொல்லிக் கொடு” என்றார். அந்த ஆச்சி பாடிய முறைக்கும் பாங்காக் பிராமணர்கள் பாடும் முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பொருள் முழுதாகத் தெரியாது, சொல் தேய்ந்திருக்கும், ஆனால் மார்கழியில் ஒரு நாளும் தப்பாது.

ஆச்சி போய்ப் பல வருடம் ஆகிறது. இப்போது நம் பக்கத்து ஊர்களில் மார்கழி விடியலில் என்ன கேட்கிறது? ஒலிபெருக்கி. நல்ல குரல், பிசிறில்லாத உச்சரிப்பு, எல்லாம் பென்டிரைவில். அதைப் போட்டுவிட்டு ஆள் போய்ப் படுத்துக்கொள்கிறார். பொங்கல் வாங்கப் பிள்ளைகள் வருகிறார்கள், பாட வருவதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். பாவை நோன்பு எதற்கு? மழைக்கு. நாட்டில் மழை பெய்ய வேண்டும், விளைச்சல் பெருக வேண்டும் என்று பெண்பிள்ளைகள் விடியலில் நீராடி நோற்ற நோன்பு. திருப்பாவையிலும் மழை கேட்கும் பாட்டு உண்டு, திருவெம்பாவையிலும் உண்டு. வானம் பார்த்த பூமியில், மார்கழிப் பனியில் உளுந்தும் பாசியும் பருத்தியும் நிற்கிற இந்தக் கரிசலில், அந்தப் பாட்டுக்கு இருக்கும் பொருள் பாங்காக்கில் இருக்க முடியாது. அங்கே நதி ஊருக்குள்ளேயே ஓடுகிறது. பொருள் தெரியாத அவர்கள் பாட்டை விடவில்லை. பொருள் தெரிந்த நாம் பாடுவதை விட்டுக்கொண்டிருக்கிறோம்.

விட்டது திரும்பி வராது என்றும் இல்லை. நக்கோன் சி தம்மராத்தில் இந்த விழாவின் ஒரு பகுதி நின்று போயிருந்தது. சூரியன், சந்திரன், பூமாதேவி, கங்கை உருவங்களைச் செதுக்கிய பலகைகளைச் சிவபெருமானை வரவேற்க ஊர்வலமாகக் கொண்டு போவது. அதை அந்த ஊர்க்காரர்களே மீட்டு, இப்போது ஏப்ரல் மாதம் சொங்கிரான் புத்தாண்டோடு சேர்த்து நடத்துகிறார்கள். சொங்கிரான் என்றால் சங்கராந்திதான். நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே வரும்.

ஆகவே, “சார், இது உண்மையா?” என்று கேட்ட தம்பிக்கு என் பதில்: மன்னர் தமிழில் முடிசூடுகிறார் என்பது மிகை. நம் பாட்டு அங்கே போய்ச் சேர்ந்தது உண்மை. அதை இன்றுவரை காப்பாற்றி வைத்திருப்பது அந்தச் சில குடும்பங்களின் வாய். நன்றி சொல்வதென்றால் அவர்களுக்குச் சொல்லுவோம்.

வீடியோவைப் பத்து பேருக்கு அனுப்புவதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். திருவாதிரைக்கு இன்னும் நாள் இருக்கிறது. வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு பாட்டு, ஒன்றே ஒன்று, நீங்களே வாயால் சொல்லிக் கொடுங்கள். மழைப் பாட்டாக இருந்தால் நல்லது. உச்சரிப்பு பிசகினால் பரவாயில்லை. ஆச்சி சார்பாக நான் அனுமதி தருகிறேன்.

நம் பக்கத்தில் எந்த ஊரில் இன்னும் வாயால் பாடி பஜனை போகிறார்கள் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். கயத்தாறு, எட்டயபுரம், கழுகுமலைப் பக்கத்துப் பிள்ளைகள் விசாரித்துச் சொன்னால் நல்லது. முழங்கால் ஒத்துழைத்தால் ஒருநாள் நானும் வந்து கூட நிற்கிறேன்.

எல்லோருக்கும் மார்கழி வாழ்த்து.